கடனில் ஓடும் கபடிக் குழு: இந்த சீசனை எப்படி முடிப்பது?

கேள்வி: தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் கபடிக் குழுவுக்கு நான் செயலாளர். 16 ஆட்டக்காரர்கள். எங்கள் ஸ்பான்சர் போன சீசனில் ₹60,000 கொடுத்தார். மீதியைத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், இந்தப் பொங்கலுக்குப் பிறகு முடியாது என்றுவிட்டார். போன சீசனில் 12 தொடர் ஆடினோம். ஒன்றில் முதல் பரிசு (₹30,000), இரண்டில் இரண்டாம் பரிசு (₹20,000 வீதம்), மூன்றில் மூன்றாம் பரிசு (₹10,000 வீதம்). ஒரு தொடருக்குச் சராசரிச் செலவு: வேன் ₹6,500, சாப்பாடு ₹3,500, நுழைவுக் கட்டணம் ₹1,000, டேப், ஸ்ப்ரே, குளுக்கோஸ் ₹600. தொடருக்கு இரண்டு கெஸ்ட் பிளேயர் (காசுக்கு வந்து ஆடும் வெளியூர் ஆட்டக்காரர்), ஆளுக்கு ₹4,000. இப்போது வேன்காரருக்கு ₹28,000, ஜெர்சி, ஷூ எடுத்த கடைக்கு ₹17,500, மளிகைக்கு ₹9,000 பாக்கி. மூன்று வட்டிக்கு வாங்கிய ₹40,000 என் பெயரில் இருக்கிறது. ஒன்பது மாதமாக வட்டியை நானே கட்டுகிறேன். செயலாளர் பணத்தைத் தின்றுவிட்டார் என்று குழுவுக்குள்ளேயே பேச்சு. எங்கள் இரண்டு ரெய்டர்களை (பாடிப் போய் எதிரணியைத் தொட்டு வருகிறவர்கள்) பக்கத்து ஊர் அணி, தொடருக்கு ₹5,000 தருகிறோம் என்று கூப்பிடுகிறது. குழு உடையாமல் வைகாசி வரை எப்படி ஓட்டுவது? நான் விலகிவிடுவதுதான் நல்லதா?

பதில்: முதலில் அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரு தொடருக்குச் செலவு ₹11,600. கெஸ்ட் இருவரையும் சேர்த்தால் ₹19,600. பன்னிரண்டு தொடருக்கு ₹2,35,200. பரிசாக வந்தது ஒரு லட்சம், ஸ்பான்சர் தந்தது அறுபதாயிரம். துண்டு விழுந்தது ₹75,200. அதோடு ஜெர்சிக் கடை பாக்கி ₹17,500 சேர்ந்தால் ₹92,700. நீங்கள் எழுதியிருக்கும் கடன் மொத்தம் ₹94,500. வித்தியாசம் ₹1,800. ஒரு சீசன் முழுக்க வெளியூர் போய்வந்த குழுவுக்கு இது டீச்செலவு. யாரும் எதையும் தின்னவில்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, வரும் ஞாயிறு பயிற்சி முடிந்ததும் கேப்டனை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படித்தால் அது சமாதானம் சொல்வது போல இருக்கும்.

அதே தாளில் இன்னொரு வரியும் வரவேண்டும். நீங்கள் கைக்காசிலிருந்து கட்டிய வட்டி மாதம் ₹1,200 வீதம் ஒன்பது மாதத்துக்கு ₹10,800. பெருந்தன்மையாக இதை மறைத்துவைத்திருக்கிறீர்கள். இது பின்னால் கசப்பாகத்தான் முடியும். குழுவின் உண்மையான கடன் ₹1,05,300 என்று எழுதுங்கள்.

இப்போது கணக்கை இன்னொரு பக்கமாகப் பாருங்கள். கெஸ்ட்டுகளுக்குப் போனது தொடருக்கு ₹8,000 வீதம் ₹96,000. ஸ்பான்சர் விலகியதற்கு முன்னாலேயே குழுவைக் கடனில் இறக்கியது இதுதான். பல ஊர்க் குழுக்கள் வழுக்கும் இடமும் இதுதான்: முதல் பரிசு வேண்டும் என்று வெளியூர் ரெய்டரை இறக்குவார்கள், முதல் பரிசே வந்தாலும் செலவு போக ஏறக்குறைய பத்தாயிரம்தான் நிற்கும். மூன்றாம் பரிசு வந்தால் கையைவிட்டு ஒன்பதாயிரத்துக்கு மேல் போகும். பணத்தைவிடப் பெரிய சேதம் வேறு. தினமும் மாலை ஆறு மணிக்கு வந்து மண்ணில் புரள்கிற உள்ளூர்ப் பையன் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, ஒரு நாள் கூடப் பயிற்சிக்கு வராத ஒருவர் ஆட்டம் முடிந்ததும் கவரை வாங்கிக்கொண்டு பைக்கில் ஏறிப் போகிறார். பக்கத்து ஊர் கூப்பிட்டதும் உங்கள் ரெய்டர்கள் யோசிப்பதற்கு விதை அங்கேதான் விழுந்தது. ஆட்டத்துக்குக் காசு வாங்கலாம் என்ற பழக்கத்தை அவர்கள் முன்னால் காட்டியது உங்கள் குழுதான்.

ஆகவே இந்த சீசனில் கெஸ்ட் கிடையாது. ஒருவர்கூட இல்லை. 'அரையிறுதிக்கு மட்டும் ஒருத்தர்' என்று யாராவது ஆரம்பிப்பார்கள், அதற்கும் இல்லை. சும்மா வந்து ஆடித் தருகிறேன் என்பவரும் வேண்டாம், அடுத்த தடவை பெட்ரோல் காசில் ஆரம்பித்து அது பழைய இடத்துக்கே வரும்.

அந்த இரண்டு ரெய்டர்களோடு போட்டி ஏலம் போடாதீர்கள். ஆறாயிரம் தருகிறோம் என்று நீங்கள் சொன்னால் மீதி 14 பேரும் விலை கேட்பார்கள், அதில் நியாயமும் இருக்கும். அவர்களை உட்காரவைத்து, நம் குழு ஆடப்போகும் ஆறு தொடர்களின் தேதிகளைக் கொடுங்கள். அந்த நாட்களில் இங்கே ஆடவேண்டும். மற்ற நாட்களில் அவர்கள் எங்கே போய்ச் சம்பாதித்தாலும் குழுவுக்கு வருத்தம் இல்லை. வீட்டுக் கஷ்டத்தில் இருக்கிற பையனுக்கு ஐயாயிரம் சின்னத் தொகை இல்லை, அதைத் துரோகம் என்று பேசவேண்டாம். இரண்டு விஷயங்களை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இரண்டு அணியும் ஒரே தொடருக்குப் போனால் அவர்கள் நம் பக்கம். வெளியே ஆடி அடிபட்டால் அந்தச் செலவு அந்த அணியுடையது. ஒப்புக்கொள்ளாவிட்டால் போகட்டும், திரும்பி வரும் கதவை மட்டும் சாத்தாதீர்கள்.

போனால் ஆட்டம் என்னவாகும் என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. கெஸ்ட் ரெய்டரும் இல்லை, சொந்த ரெய்டரும் இல்லை என்றால் பிடியில்தான், அதாவது பாடி வரும் எதிரணி ரெய்டரை மடக்குவதில்தான் ஜெயிக்கவேண்டும். செலவில்லாமல் வளர்க்கக்கூடியதும் பிடிதான். நல்ல ரெய்டரை உருவாக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். இரண்டு கார்னரும் (ஓரத்தில் நிற்பவர்கள்) இரண்டு கவரும் (அவர்களுக்கு உள்பக்கம் நிற்பவர்கள்) ஒன்றாக நகரப் பழகுவதற்கு ஆறு வாரம் போதும், அதே நான்கு பேர் தினமும் சேர்ந்து நின்றால். தினம் 40 நிமிடம் சங்கிலிப் பயிற்சி: கார்னர் கணுக்காலைப் பிடித்த அடுத்த நொடியில் கவர் வந்து மூடவேண்டும். அது தாமதமாகும்போதுதான் ரெய்டர் கோட்டைத் தொடுகிறார். ரெய்டுக்கு இரண்டு இளையவர்களைத் தயார் செய்யுங்கள். ஒருவர் போனஸ் (எதிரணிப் பக்கத்துப் போனஸ் கோட்டைத் தாண்டினால் கிடைக்கும் புள்ளி) எடுக்க. எதிரணியில் ஆறு பேராவது நிற்கும்போதுதான் போனஸ் செல்லும் என்பதால் ஆட்டத்தின் தொடக்கத்தில் அவர் பயன்படுவார். இன்னொருவர் ஒரு ரெய்டுக்கான 30 விநாடியை வீணாக்காமல் ஓட்டித் திரும்ப. தொடர்ந்து இரண்டு ரெய்டு புள்ளியில்லாமல் போனால் மூன்றாவதில் கட்டாயம் புள்ளி எடுக்கவேண்டும் என்ற விதி அந்தத் தொடரில் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்த் தொடர்களில் இது இடத்துக்கு இடம் மாறும், உங்கள் திட்டமே அதைப் பொறுத்தது. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், கூடுதலாக ஒரு புள்ளி. சின்னக் குழுக்கள் பெரிய அணியைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

இனி பயணம். பன்னிரண்டு தொடரை ஆறாகக் குறையுங்கள், எல்லாம் 40 கிலோமீட்டருக்குள். வேன் ₹3,500க்கு முடியும். சாப்பாட்டை வீட்டில் கட்டிக்கொண்டு போனால் ₹1,500. கட்டணம் ₹1,000, முதலுதவி ₹500. ஒரு பயணம் ₹6,500. புறப்படும் முன் அமைப்பாளரைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: அணிகளுக்குச் சாப்பாடு உண்டா, மண் தரையா மேட் விரிப்பா, பரிசுத் தொகை அன்றே கையில் வருமா. நோட்டீஸில் ஒவ்வொரு பரிசுக்கும் நன்கொடையாளர் பெயர் இருக்கும், அவர்களில் ஒருவர் கைவிரித்தாலும் விடியற்காலை நான்கு மணிக்குப் பாதிப் பணத்தோடு உங்களை அனுப்பிவிடுவார்கள். போன வருடம் முழுத் தொகை தந்த ஊரைத் தேர்ந்தெடுங்கள், பரிசு ஐயாயிரம் குறைவாக இருந்தாலும். மண் தரை என்றால் ஷூ செலவும் இல்லை.

அந்த ₹6,500 கையில் வராமல் வேன் ஏறவேண்டாம். ஜெயித்து வந்து கொடுத்துக்கொள்ளலாம் என்பதில்தான் போன வருடக் கடன் வளர்ந்தது. பரிசை வரவுப் பக்கம் எழுதவே எழுதாதீர்கள். ஒரு சீசனுக்கு ஒரு ஸ்பான்சர் என்று தேடுவதை விட்டு, ஒரு பயணத்துக்கு ஒருவர் என்று தேடுங்கள். லட்ச ரூபாய் கேட்டால் யோசிக்கிற கடைக்காரர், 'பங்குனி உத்திரத் தொடருக்குப் போகிற செலவு உங்களுடையது' என்றால் ₹6,500 எடுத்துத் தருவார். பதிலுக்கு அன்றைய ஜெர்சி முதுகில் அவர் கடைப் பெயரைத் துணிப்பட்டையில் தைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தொடருக்குப் பிரித்து மாற்றலாம். பழைய ஸ்பான்சரிடமும் போங்கள். பாக்கியைக் கேட்காமல், ஒரு பயணத்துக்கு வேன் மட்டும் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேளுங்கள்.

சொந்தமாகத் தொடர் நடத்திக் கடனை அடைக்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்களே? இந்த வருடம் வேண்டாம். விளக்கு, ஜெனரேட்டர், மைக், நடுவர் சம்பளம், அணிகளுக்குச் சாப்பாடு, காவல் நிலைய அனுமதி என்று பணம் முதலிலேயே போகும். வாக்குக் கொடுத்த நன்கொடை கடைசியில்தான் வரும், சில சமயம் வராது. கையில் இருப்பு இல்லாத குழு அதில் இறங்கினால் இரண்டாவது கடன்தான் மிஞ்சும்.

அடுத்தது, குழுக்களில் வழக்கமாக வரும் பரிசுப் பணச் சண்டை. சண்டை வருவது பணம் வந்த பிறகு பிரிப்பதால். முறையை இப்போதே, ஒரு பரிசும் வராத நேரத்தில், எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். நான் சொல்லும் முறை: முதலில் அந்தப் பயணச் செலவைக் கழிக்கவேண்டும், அது அடுத்த பயணத்துக்கான பணம். மீதியில் 40 சதவீதம் கடனுக்கு. 60 சதவீதம் அன்று வந்த 12 பேருக்கும் சமமாக, பெஞ்சில் இருந்தவருக்கும் சேர்த்து. ₹20,000 வந்தால் செலவு ₹6,500 போக ₹13,500. கடனுக்கு ₹5,400. மீதி ₹8,100, ஆளுக்கு ₹675. சிறந்த ரெய்டர், சிறந்த பிடி என்று தனியாகத் தரும் பரிசு அவரவருக்கே. அதைப் பொதுவில் போடச் சொன்னால் நல்ல ஆட்டக்காரர் வெறுத்துப்போவார். கடன் பங்கிலிருந்து முதலில் உங்கள் ₹10,800 தீரட்டும். எல்லாப் பணத்தையும் கடனுக்கே போட்டுவிடலாம் என்று ஆர்வத்தில் ஒரு தீர்மானம் வரும். ஏற்காதீர்கள். இரவு ஆட்டத்துக்கு வந்தவர் மறுநாள் கூலி வேலைக்குப் போகமுடியாது, அவர் வீட்டுக்கு அந்த ₹675 வேண்டும்.

கடன்களை ஒரே மாதிரி நடத்தாதீர்கள். மூன்று வட்டிக் கடன் வருடத்துக்கு 36 சதவீதம். அதை முதலில் கொல்லவேண்டும். ஊரில் எட்டுப் பேரிடம் ஆளுக்கு ₹5,000 வட்டியில்லாமல் கைமாற்று வாங்கி ஒரே நாளில் அடைத்து, பத்திரத்தைத் திரும்ப வாங்குங்கள். அந்த எட்டுப் பேருக்கும் மாதம் ₹500 வீதம் பத்து மாதத்தில் திருப்பலாம். எந்த ஆட்டக்காரர் வீட்டு நகையும் அடகுக்குப் போகக்கூடாது, அம்மாவே கழற்றிக் கொடுத்தாலும். வேன்காரரிடம் மாதம் ₹2,000 வீதம் 14 மாதம் என்று பேசுங்கள். புதிய பயணங்களுக்கு அன்றன்றே ரொக்கம் என்றால் ஒப்புக்கொள்வார். விளையாட்டுக் கடைக்கு ₹1,750 வீதம் பத்து மாதம். மளிகைக்கு ₹1,500 வீதம் ஆறு மாதம். எல்லாம் சேர்ந்து மாதம் ₹9,250. தவணை நாளுக்கு முந்தின நாள் நீங்களே போய்க் கொடுங்கள். ஒரு மாதம் முடியாமல் போனால் அதையும் முந்தின நாளே போய்ச் சொல்லுங்கள். கடன்காரர் மைதானத்துக்கு வந்து சத்தம் போடும் நிலை வந்தால் அன்று இரவே நான்கு பேர் குழுவை விட்டு விலகுவார்கள்.

இந்த ₹9,250க்கு மாதச் சந்தா. ஊரில் 30 பேர் ₹300 வீதம், வெளியூரில் வேலையில் இருக்கும் பழைய ஆட்டக்காரர்கள் பத்துப் பேர் ₹500 வீதம்: ₹14,000. ஆனால் மூன்றில் இரண்டு பங்குதான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ ₹9,300. தவணைக்குச் சரியாகப் போகும். அதற்குமேல் வந்தால் பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை. 16 பேருக்கு 26 நாளுக்கு 416 முட்டை, ஏழு ரூபாய் என்றாலும் ₹2,912. புரோட்டீன் மாவு டப்பா வாங்கும் காசில் மொத்தக் குழுவும் சாப்பிடும்.

வசூல் உங்கள் சொந்த ஜிபே எண்ணுக்கு வரக்கூடாது. சங்கமாகப் பதிவு செய்திருந்தால் சங்கத்தின் பெயரில் கணக்கு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிய ஏழு உறுப்பினர்களாவது வேண்டும். பதியும்வரை பொருளாளர் பெயரில், குழுவுக்கு மட்டும் என்று ஒரு புதுச் சேமிப்புக் கணக்கு. இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கமுடியும் என்ற கூட்டுக் கணக்கு இதைவிடப் பாதுகாப்பானது, ஆனால் அதில் பொதுவாக யுபிஐ வேலை செய்யாது, ₹300 சந்தாவுக்காக யாரும் வங்கிக்கு வரமாட்டார்கள். அதனால் தனிக் கணக்கே வைத்து, ஞாயிறுதோறும் அதன் அறிக்கையைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். ஒரு செலவுக்கு மட்டும் பெயர் வேண்டாம்: பயிற்சிக்கு வர பஸ் காசு இல்லாத பையனுக்குப் பயிற்சியாளர் கொடுக்கும் நூறு இருநூறு. நோட்டில் 'பயணப்படி' என்று மாத மொத்தம் மட்டும் இருக்கட்டும்.

செலவைக் குறைக்கும்போது முதலுதவிப் பெட்டியில் கை வைக்காதீர்கள். கிரேப் பேண்டேஜ், டேப், ஐஸ் பெட்டி இல்லாமல் களம் இறங்கவேண்டாம். பதினெட்டு வயதான எல்லோருக்கும் வங்கியில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடத்துக்கு ₹20 கட்டுங்கள். விபத்தில் இறப்பு, முழு ஊனத்துக்கு 2 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு ஒரு லட்சம். மூட்டு ஜவ்வு கிழிந்தால் ஆகும் மருத்துவச் செலவை அது தராது. அதற்கு, ஆண்டு வருமானம் ₹1,20,000க்குள் இருக்கும் குடும்பங்களிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லாதவர்கள் அடிபட்ட பிறகு அலையவேண்டாம்.

பணம் தராத இடத்தில் ஆட்டக்காரருக்கு வேறென்ன தரமுடியும் என்றும் யோசியுங்கள். மாவட்டத் தேர்வுப் போட்டிக்குக் குழுவிலிருந்து தகுதியானவர்களைத் தவறாமல் அனுப்புங்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் ஊர்த் தொடரில் வாங்கிய கோப்பை அதற்கு உதவாது. அங்கீகரிக்கப்பட்ட போட்டியின் சான்றிதழ்தான் உதவும். முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டியில் பொதுப் பிரிவிலும் கபடி உண்டு, நுழைவுக் கட்டணம் கிடையாது. இணையத்தில் பதிவு தொடங்கும் தேதியைக் கவனித்துக்கொள்ள ஒரு ஆளை நியமியுங்கள்.

இவ்வளவும் செய்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லமாட்டேன். இத்தாலியின் பார்மா கால்பந்து கிளப்புக்கு 2014-15 சீசனில் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. மைதானக் காவலர்களுக்குத் தரக்கூடப் பணமில்லாமல் ஒரு ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2015 மார்ச்சில் திவால் என்று அறிவிக்கப்பட்டது. லீகின் மற்ற கிளப்புகள் சீசனை முடிக்க 50 லட்சம் யூரோ ஒதுக்கின, வீரர்கள் நின்று ஆடினார்கள், ஏப்ரலில் யுவென்டஸையே 1-0 என்று தோற்கடித்தார்கள். அப்படியும் கடைசி இடம், கிளப்பை வாங்க ஆளில்லை, நான்காம் பிரிவிலிருந்து புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது. கேப்டன் லூக்கரெல்லி கூடவே இறங்கி, 2018இல் முதல் பிரிவுக்குத் திரும்பும்வரை ஆடினார். சேர்ந்து நிற்பது கடனை அடைக்காது, கடனுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். அதனால் ஒரு எல்லையை இப்போதே எழுதிவையுங்கள்: மார்ச் 31க்குள் மூன்று வட்டிக் கடன் அடையாவிட்டால் ஏப்ரலில் வெளியூர்த் தொடர் இல்லை. பயிற்சி மட்டும் நடக்கும், பக்கத்து ஊர்க் குழுக்களோடு பந்தயமில்லாத ஆட்டம் ஆடலாம்.

விலகுவதைப் பற்றி: இப்போது விலகினால் கடன் உங்கள் பெயரிலும் பேச்சு உங்கள் முதுகிலும் நிற்கும். முதலில் அந்த ₹40,000 பத்திரம் திரும்பி வரட்டும். பிறகு வரவு-செலவு நோட்டு, பில்கள், தவணை ஒப்புதல் தாள்கள், ஜெர்சி, ஷூ இருப்புப் பட்டியல் ஆகியவற்றை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் புதியவரிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வைகாசி முடிந்தபின் அதைச் செய்தால் யாரும் தவறாகப் பேசமாட்டார்கள்.